சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி இருக்கலாமா? இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கரூர்_43:

வணக்கமுங்க. எனக்கு 43 வயசு. கரூர்ல வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி பண்ற கம்பெனியில டிஸ்பாட்ச் பாக்கறேன். மேசை விரிப்பு, கைத்துண்டு, திரைச்சீலைன்னு பெட்டி கட்டி கன்டெய்னர்ல ஏத்தி அனுப்பற வரைக்கும் என் பொறுப்பு. உயரம் 168 செ.மீ., எடை 88 கிலோ. மூணு வருஷமா சுகர் இருக்குதுங்க. போன மாசம் எடுத்த எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சுகர் காட்டற இரத்தப் பரிசோதனை) 7.4. மெட்ஃபார்மின் 500 காலையும் ராத்திரியும், கிளிமெபிரைடு 1 மி.கி. காலையில ஒண்ணு. வேற மாத்திரை இல்லைங்க.

எங்க செக்சன்ல ரெண்டு பேர் இந்த 16:8 முறையில சாப்பிடறாங்க. ராத்திரி எட்டு மணிக்கு முடிச்சா அடுத்த நாள் பன்னெண்டு மணிக்குத்தான் சாப்பாடு. இடையில தண்ணி, பாலும் சக்கரையும் இல்லாத காப்பி. ஒருத்தர் நல்லாவே இளைச்சு, பேன்ட்டையெல்லாம் பிடிச்சுத் தைக்கக் குடுத்துட்டாரு. அதைப் பார்த்து நானும் இந்த மாசம் ஆரம்பிச்சேன். காலையில டிபன் வேண்டாம்னுட்டு, மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவேன். எனக்கு ராத்திரி சாப்பாடே பத்து மணிக்குங்கறதால மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் வெறும் வயிறு.

மொத வாரத்துலயே ரெண்டு கிலோ குறைஞ்சுது. சந்தோசமா இருந்துச்சு. ஆனா போன வாரம் ஒரு நாள் பதினொன்ற மணி சுமாருக்கு லோடு எண்ணிக்கிட்டு இருக்கறப்ப கை நடுங்க ஆரம்பிச்சுது. நெத்தி, முதுகெல்லாம் வேர்வை. எண்ணின கணக்கு மனசுல நிக்கவே இல்லை. லோடுமேன் அண்ணன் ஒருத்தர் பார்த்துட்டு உட்கார வச்சு, சக்கரை நிறையப் போட்டு டீ வாங்கிக் குடுத்தாரு. கால் மணி நேரத்துல சரியாயிடுச்சு. நேத்தும் அதே நேரத்துக்கு லேசா வந்துச்சு. கூட வேலை செய்யறவங்க "உடம்பு பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும், விட்டுடாதீங்க"ங்கறாங்க. வீட்ல இதோட நிறுத்துங்கன்னு பிடிவாதமா நிக்கறாங்க.

எங்கப்பாவுக்கும் சுகர்தானுங்க. புண்ணு ஆறாம கால் விரல் ரெண்டை எடுத்தாங்க. அந்தக் கட்டு மாத்தின வீட்ல வளர்ந்தவன் நான். எடையைக் குறைச்சே ஆகணும். மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே விரதம் இருக்கறவங்க எப்படி இருக்கீங்க? காலையில விடறது நல்லதா, ராத்திரியை விடறது நல்லதா? அனுபவத்துல இருந்து சொல்லுங்க.

மருந்துக்கடை_ஈரோடு:

சார், காலையா ராத்திரியா என்பதைப் பிறகு பேசலாம். நாளைக் காலை டிபன் சாப்பிட்டுவிட்டே மாத்திரை போடுங்கள். உங்களுக்கு எழுதிக் கொடுத்த டாக்டரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். இது உடம்பு பழகுகிற விஷயமே இல்லை.

கிளிமெபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. போட்டால் இன்சுலின் சுரக்கும், இரத்தத்தில் இருக்கிற சர்க்கரை இறங்கும். உள்ளே சோறு போகாவிட்டால் இறங்கிக்கொண்டே போகும். கை நடுக்கம், வேர்வை, கணக்கு மறந்து போவது எல்லாமே லோ சுகரின் அடையாளம். இதே வகையைச் சேர்ந்த கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு மாத்திரைகளைப் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம். உங்களோடு வேலை செய்கிறவர்களுக்குச் சுகர் இல்லாமல் இருக்கலாம், அல்லது வேறு மாத்திரையாக இருக்கலாம். அவர்களுக்கு ஒத்துப்போனதை வைத்து உங்கள் உடம்பைக் கணிக்க முடியாது.

இன்னொரு முறை நடுக்கம் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு உட்காருங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், ஏறத்தாழ 15 கிராம் வரும். 15 நிமிடம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை குடியுங்கள். சரியான பிறகு ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பவும் இறங்கும். அந்த நேரத்தில் பைக் எடுக்கவே கூடாது. நீங்கள் நிற்கிற இடம் வேறு, கன்டெய்னரும் ஃபோர்க்லிஃப்டும் நடமாடுகிற இடம். நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். "டாக்டர், நான் சாப்பாட்டு நேரத்தை மாற்ற நினைக்கிறேன், அதற்கேற்ப மாத்திரையை மாற்றித் தாருங்கள்" என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் தொடங்குகிறவர்கள்தான் எங்கள் கவுன்ட்டருக்கு வருகிறவர்களில் அதிகம்.

படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை இப்போது நிறையப் பேர் போடுகிறார்கள். 2020ல் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் தயாரித்து விலை இறங்கிவிட்டது. நல்ல மருந்துதான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பட்டினி கிடந்தால், சுகர் அளவு பெரிதாக ஏறாமலேயே கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் ஏறி ஆபத்தில் விடலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் என்று வந்தால் காஸ் டிரபிள் என்று ஓமம் தின்று படுத்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், வளர்கிற பிள்ளைகள் இந்தப் பக்கமே வர வேண்டாம். யூரிக் அமிலத் தொந்தரவு உள்ளவர்களுக்குப் பட்டினியில் மூட்டு வீங்கிக்கொள்ளும்.

சத்துணவு_அக்கா:

தம்பி, மருந்துக்கடைக்காரர் சொன்னதை மொதல்ல செய்யுங்க. அதுக்குப் பிறகு இதை வாசிங்க.

எனக்கு 52 வயசு. தென்காசிப் பக்கம் ஒரு ஒன்றியப் பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா இருக்கேன். அரிசி பருப்பு அளந்து குடுக்கது, முட்டை எண்ணுதது, பிள்ளைகளுக்குப் போடுததுக்கு முந்தி ருசி பாக்கது எல்லாம் என் வேலை. 2023ல எங்க பள்ளிக்கூடத்துக்குக் காலைச் சாப்பாடும் வந்துட்டு. நான் உள்ள நுழையும்போதே மகளிர் குழுப் பொம்பளைக கிச்சடி தாளிக்கிற வாசம் வாசல்ல நிக்கும். இப்படி ஒரு வேலையில இருந்துக்கிட்டுத்தான் 78 கிலோவுல இருந்து 69க்கு வந்தேன். ஒன்றரை வருசத்துக்கு மேல ஆச்சு. வேகமாக் குறையல, ஆனா குறைஞ்சது திரும்பி வரல.

எனக்குச் சுகர் கிடையாது. ஆனா எச்பிஏ1சி 6.3 காட்டிச்சு. எங்க ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா, 5.7ல இருந்து 6.4 வரைக்கும் எல்லைக்கோடு, நீங்க அதோட ஓரத்துல நிக்கீங்கன்னு சொன்னாக. டேப் வச்சு இடுப்பை அளந்தாக. 97 செ.மீ. நம்ம நாட்டுப் பொம்பளைகளுக்கு 80, ஆம்பளைகளுக்கு 90, அதுக்குள்ள இருக்கணுமாம். உங்க இடுப்பையும் அளந்து வைங்க தம்பி. எடைமெஷின் முள்ளு அசையாத மாசத்துலயும் டேப் அசையும்.

விரதம் எனக்குப் புதுசு இல்லை. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து கந்த சஷ்டி இருக்கேன். ஐப்பசியில ஆறு நாளும் ஒருபொழுது. சூரசம்ஹாரத்தன்னைக்கு இளநியும் தண்ணியும் மட்டுந்தான். திருச்செந்தூர்க் கடற்கரையில அந்தக் கூட்டத்துல நின்னு சம்ஹாரம் பாத்து, கடல்ல முங்கி எந்திரிச்ச பிறகுதான் வாயில சோறு. அந்த விரதத்தை நான் உயிருள்ளவரை விடமாட்டேன். ஆனா அதுல எடை குறைஞ்சதே இல்லை. ஒருபொழுதுன்னா மத்தியானம் வாழையிலை நிறையச் சோறு. ராத்திரி பலகாரம்னு நெய் ஊத்துன ரவா உப்புமாவும் ரெண்டு பழமும். முடிஞ்ச மறுநாள் வடை, பாயசம். குறைஞ்ச ஒரு கிலோ அந்த வாரமே ஏறிக்கிடும். டாக்டரம்மா சொன்னாக, மொத வாரத்துல குறையிறதுல பெரும்பங்கு தண்ணிதான், ஈரல்லயும் தசையிலயும் சேத்து வச்சிருக்கிற மாவுச்சத்து கரையும்போது அதோட ஒட்டியிருக்கிற தண்ணியும், ஒரு கிராமுக்கு மூணு கிராம் கணக்குல வெளியேறும்னு. உங்க ரெண்டு கிலோவும் பெரும்பாலும் அதாத்தான் இருக்கும். அதை வச்சுச் சந்தோசப்படவும் வேண்டாம், அது திரும்பி ஏறுனா மனசு ஒடியவும் வேண்டாம்.

எனக்கு மாத்தம் வந்தது ராத்திரிச் சாப்பாட்டுல. எங்க வீட்டுல ராத்திரி நான் சாப்பிடுத நேரம் பத்தரை. மாமியாருக்கு ஏழு மணிக்கு இட்லி, மகன் டியூசன் விட்டு வந்தா எட்டரைக்கு, இவுக கடையடைச்சுட்டு வர ஒன்பதே முக்கால். எல்லாருக்கும் சுட்டுப் போட்டுட்டு, கடைசியா மாவு வழிச்சு ஊத்துன தோசையும், மகன் மிச்சம் வச்சதும், சட்டியில ஒட்டுன குருமாவும் என் சாப்பாடு. வீணாப் போகக் கூடாதேன்னு தின்ன சோறு எவ்வளவு இருக்கும்னு யாரும் கணக்கு எழுதல. தின்னுட்டு பாத்திரம் கழுவிட்டு நேரே படுக்கை. நம்ம ஊர்ல என் வயசுப் பொம்பளைக பாதிப் பேரோட ராத்திரி இப்படித்தான் இருக்கும்.

அதை ஆறரை மணிக்கு மாத்துனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து குளிச்சு விளக்கேத்திட்டு, மாமியாரோட உக்காந்து சாப்பிட்டுருவேன். மறுநாள் காலையில எட்டரை, ஒன்பது வரைக்கும் வெந்நீரும் சீரகத் தண்ணியும்தான். 14 மணி நேரம். பதினாறு, பதினெட்டுன்னு நான் போகல, போகணும்னு ஆசையும் இல்லை. காலையில ரெண்டு இட்லியோ கம்மங்கூழோ, ஒரு மணிக்குப் பிள்ளைக சாப்பிட்ட பிறகு சோறு குறைச்சு காய் கூட்டி, கூட ஒரு முட்டை. சாயங்காலம் பாசிப்பயறு தோசை, இல்லன்னா சுண்டலும் காய்ப் பொரியலும்.

சொல்ல லேசா இருக்கு. நடத்துததுக்கு நான் பட்ட பாடு பசியால இல்லை. இவுகளுக்கு ஆறவே இல்லை. "நீ சாப்பிட்டுட்டு எனக்குப் போடுவியா"ன்னு கேட்டாக. பக்கத்து வீட்டு அத்தை என்கிட்டயே வந்து, புருசன் வருமுன்ன சாப்பிடுத பழக்கம் எங்கருந்து வந்துச்சுன்னாக. ஆறு நாள் சஷ்டி இருக்கும்போது இதே வீட்டுல எல்லாரும் எனக்கு வழிவிட்டு நிக்காக. "அவ விரதம், அவளைத் தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு மாமியாரே அடுப்படிக்குப் போவாக. சாமிக்குன்னு பட்டினி கிடந்தா மரியாதை. என் உடம்புக்குன்னு நேரத்தோட சாப்பிட்டா கேள்வி. அது எனக்கு ரொம்ப வலிச்சுது தம்பி. ரெண்டு வாரம் கழிச்சு இவுககிட்ட டாக்டரம்மா எழுதுன சீட்டைக் காட்டி, எங்கம்மாவுக்குச் சுகர்ல கண்ணு போன கதையைத் திரும்பச் சொல்லி, "நான் படுத்துட்டா யார் சுட்டுப் போடுவா"ன்னு கேட்டேன். பதில் சொல்லல. மறுநாள்ல இருந்து ஹாட்பாக்ஸ்ல வச்சதை எடுத்துப் போட்டுச் சாப்பிட ஆரம்பிச்சாக. இப்ப அவுகளே எட்டு மணிக்குக் கடையில வச்சுச் சாப்பிட்டுட்டு வாராக.

உங்க வீட்டம்மா "நிறுத்துங்க"ன்னு சொல்லுதாகன்னு எழுதியிருக்கீக. அவுக எத்தனை மணிக்குச் சாப்பிடுதாகன்னு கொஞ்சம் கேளுங்க. நீங்க பத்து மணிக்குச் சாப்பிட்டா அவுக பத்தேகாலுக்குத்தான் உக்காருவாக. நீங்க ஒருத்தர் நேரத்தை முன்னால கொண்டுவந்தா ரெண்டு உடம்புக்கு நல்லது.

கஷ்டங்களையும் சொல்லிருதேன். மொத மாசம் நெஞ்செரிச்சல் வந்துச்சு. வெறும் வயித்துல கடுங்காப்பி குடிக்கதை விட்ட பிறகு போச்சு. மலச்சிக்கல் வந்துச்சு, தண்ணியும் கீரையும் கூட்டுனேன். மூணாம் மாசம் முடி கொத்துக் கொத்தா உதிர்ந்துச்சு. இரத்தம் எடுத்துப் பாத்தா ஹீமோகுளோபின் 10.2. பொம்பளைகளுக்கு 12 வேணும். டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை குடுத்து, முட்டையும் பயறும் விடக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாக. மாத்திரை போட்ட கையோட டீ குடிக்கக் கூடாதுன்னும் சொன்னாக. விரதம் ஆரம்பிக்கிற எந்தப் பொம்பளையும் மொதல்ல இரத்தத்தைப் பாத்துக்கிடணும். இதை நான் எங்க பள்ளிக்கூடத்துக்கு வார தாய்மார் எல்லார்கிட்டயும் சொல்லுதேன்.

பசி வரும். ஒன்பது மணிக்கு இவுகளுக்குச் சட்னி தாளிக்கும்போது நல்லெண்ணெய் வாசத்துல வயிறு அப்படியே இழுக்கும். வெந்நீர் ஒரு டம்ளர் குடிச்சுட்டு வாசத்திண்ணையில போய் உக்காருவேன். கால் மணி, இருபது நிமிசத்துல அடங்கிரும். பசி ஏறிக்கிட்டே போகாது, வந்துட்டுப் போயிரும். ஆனா நடுக்கம், வேர்வை, தலைசுத்து வந்தா அது பசி கிடையாது. ரெண்டையும் பிரிச்சுத் தெரிஞ்சுக்கிடணும்.

எச்பிஏ1சி இப்ப 5.8. இடுப்பு 88. இன்னும் 80க்கு வரல, வருவேன்.

வேலூர்_நடை:

எட்டு மணி நேரம், பதினாறு மணி நேரம் என்றெல்லாம் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் வருடம் ஒரு முறை ஐந்து நாள் தண்ணீர் விரதம் இருக்கிறேன். உடம்பே லேசாகிவிடும். ஸ்காட்லாந்தில் ஆங்கஸ் பார்பியேரி என்பவர் 1965ல் தொடங்கி 382 நாள் சாப்பிடாமல் இருந்து 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தார். மனித உடம்பு தாங்கும். மனதுதான் தாங்காது.

மருந்துக்கடை_ஈரோடு:

வேலூர் நண்பருக்கு. பார்பியேரி கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். அவர் டண்டீ நகர மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தார். அவருக்கு வைட்டமின், ஈஸ்ட், பிறகு பொட்டாசியம், சோடியம் எல்லாம் கொடுத்தார்கள். இரத்தமும் சிறுநீரும் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டன. அதே காலத்தில் எடைக்காக நீண்ட பட்டினி இருந்த வேறு சிலர் இறந்தும் போனதால்தான் மருத்துவர்கள் அந்த முறையைக் கைவிட்டார்கள். பல நாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று வயிறு நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப் போரில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட கைதிகளிடம் கண்ட விஷயம் அது. கேள்வி கேட்டவர் சுகர் மாத்திரை போடுகிறவர். அவருக்கு ஐந்து நாள் தண்ணீர் விரதம் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

அம்பத்தூர்_வாசகன்:

சத்துணவு அக்கா எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டிலும் நேரத்தை மாற்றப் போகிறோம்.

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். மணி பார்த்துச் சாப்பிடுவதற்கென்று தனியாக ஒரு சக்தி இருப்பதாக யூடியூபில் சொல்கிறார்கள். சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு வைத்துப் பார்த்து 2022ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் கலோரி குறைத்த அதே அளவு சாப்பாடு. ஒரு பாதிப் பேர் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டார்கள், மற்றவர்கள் இஷ்டமான நேரத்தில். முதல் கூட்டம் சராசரியாக 8 கிலோ குறைந்தது, மற்றது 6.3 கிலோ. புள்ளியியல் கணக்குப்படி அந்த வித்தியாசம் பொருட்டல்ல. அதாவது மொத்தமாக உள்ளே போகிற சாப்பாடு குறைந்தால்தான் எடை குறைகிறது. நேரக்கட்டுப்பாடு அதைக் குறைக்க உதவுகிற ஒரு வேலி. பத்து மணித் தோசையும் பரோட்டாவும் நின்றாலே கரூர் நண்பருக்குப் பெரிய வித்தியாசம் தெரியும். மத்தியானம் இரண்டு மணி வரை பட்டினி கிடந்துவிட்டு இரண்டு மடங்கு சாப்பிட்டால் ஒன்றும் நடக்காது.

ஆனால் காலையா, ராத்திரியா என்ற கேள்விக்கு அக்கா பக்கம்தான் நான் சாய்வேன். 2018ல் அமெரிக்காவில் சுகர் எல்லைக்கோட்டில் இருந்த 8 ஆண்களை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. மதியம் 3 மணிக்குள் கடைசிச் சாப்பாட்டை முடிக்கச் சொன்னார்கள். எடை மாறாமல் பார்த்துக்கொண்டார்கள், அப்படியும் இன்சுலின் வேலை செய்கிற விதம் மேம்பட்டது. எட்டுப் பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, அதை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது. இருந்தாலும் சாப்பிட்டதும் படுப்பது நல்லதில்லை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது.

ஆட்டோஃபேஜி, அதாவது செல் தன் பழைய பாகங்களைத் தானே சிதைத்துத் திரும்பப் பயன்படுத்துவது, என்று சொல்லி 2016 நோபல் பரிசைக் காட்டுவார்கள். யோஷினோரி ஒசுமி பரிசு பெற்றது ஈஸ்ட் செல்களில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கண்டதற்கு. 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் மனிதருக்கு இத்தனை ஆண்டு ஆயுள் கூடும் என்று அவர் எங்கும் நிறுவவில்லை.

மேலப்பாளையம்_வாப்பா:

எனக்கும் கிளிமெபிரைடுதான், பல வருஷமாக. ரமலான் நோன்பு விட மனம் இல்லை. அதனால் ஒவ்வொரு வருஷமும் நோன்புக்கு ஒரு மாதத்துக்கு முன்பே டாக்டரிடம் போய்விடுவேன். காலையில் போடுகிற மாத்திரையை நோன்பு திறக்கிற நேரத்துக்கு மாற்றிக் கொடுப்பார், அளவையும் குறைப்பார். ஸஹரில் (விடியலுக்கு முன் சாப்பிடுகிற நேரம்) மெட்ஃபார்மின் மட்டும். நம் ஊரில் நோன்பு 13 மணி நேரத்துக்கு மேல், தண்ணீர்கூட இல்லாமல். அப்படியிருந்தும் சமாளிக்க முடிகிறதென்றால் காரணம் அந்த முன்யோசனைதான்.

பகலில் விரலில் குத்தி சுகர் பார்ப்பேன். அதனால் நோன்பு முறியாது என்று எங்கள் ஆலிம்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஒரு ரமலானில் அஸர் என்கிற மாலைத் தொழுகைக்குப் பிறகு 64 காட்டியது. நோன்பு திறக்கிற மஃரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் என்று மனம் இழுத்தது. என் மகள் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தாள். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை கொடுத்திருக்கிறான், அதை மறுப்பது இபாதத் (வணக்கம்) ஆகாது. அந்த நோன்பைப் பிறகு களாச் செய்தேன், அதாவது வேறொரு நாளில் நோற்று ஈடு செய்தேன்.

எடை விஷயத்தில் அக்கா சஷ்டி பற்றிச் சொன்னது எங்களுக்கும் அப்படியே பொருந்தும். நோன்புக் கஞ்சி நல்ல சாப்பாடு. அதற்குப் பக்கத்தில் வருகிற வடை, சமோசா, ரோஸ்மில்க், தராவீஹ் என்கிற இரவுத் தொழுகை முடிந்து வருகிற பிரியாணி எல்லாம் சேர்ந்தால் அடுத்த மாதமான ஷவ்வாலில் சட்டை இறுகும். நான் இப்போது பேரீச்சம்பழம் ஒன்று, தண்ணீர், ஒரு கோப்பைக் கஞ்சி, தொழுகை முடிந்து இரண்டு சப்பாத்தி, மீன். அவ்வளவுதான். மற்ற மாதங்களில் எடைக்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கவே மாட்டேன், யாரும் இருக்க வேண்டாம். நோன்பு இறைவனுக்கு. அதையும் இதையும் கலக்காதீர்கள்.

கரூர்_43:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. மறுநாளே டாக்டரைப் பார்த்துட்டேன். நடந்ததைச் சொன்னதும் கிளிமெபிரைடை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லிட்டாரு. மெட்ஃபார்மின் மட்டும் தொடரணும், சாப்பாட்டோட. குளுக்கோமீட்டர் வாங்கியாச்சு. ரெண்டு வாரம் காலையில வெறும் வயித்துலயும், சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும் பார்த்து எழுதிட்டு வரச் சொன்னாரு. மூணு மாசம் கழிச்சு மறுபடி எச்பிஏ1சி. காலையில டிபனை விடாம, ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவர்றது நல்ல யோசனைன்னு அவரே சொன்னாரு. பாக்கெட்ல குளுக்கோஸ் பொட்டலம் வச்சிருக்கேன், லோடுமேன் அண்ணன்கிட்டயும் ஒண்ணு குடுத்து வச்சிருக்கேன்.

அக்கா சொன்ன மாதிரி வீட்டம்மாகிட்ட கேட்டேனுங்க. பத்தே முக்காலுக்குச் சாப்பிடறாங்களாம். இத்தனை வருஷமா எனக்கு அது தெரியாது. நான் கம்பெனியிலயே ஏழு மணிக்குச் சாப்பிட்டுக்கறேன், நீ பசங்களோட உட்கார்ந்துக்கன்னு சொல்லியிருக்கேன். மத்தியான டப்பாவோட ராத்திரிக்கும் ஒரு டப்பா எடுத்துட்டுப் போகணும். காலையில ஆறு மணிக்குச் செஞ்சு எடுத்துட்டுப் போறது சாயங்காலம் ஏழு வரைக்கும் கெடாம இருக்கணும். கம்பெனியில ஃபிரிட்ஜ் இல்லைங்க. என்ன எடுத்துட்டுப் போகலாம் அக்கா?

சத்துணவு_அக்கா:

நல்ல காரியம் பண்ணுனீக தம்பி. கேக்கவே நிறைவா இருக்கு.

தேங்காய் சேத்தது எதுவும் எடுத்துட்டுப் போகாதீக, கரூர் வெயிலுக்கு மத்தியானமே புளிச்சிரும். அவிச்ச சுண்டலும் பொழுது சாய்றதுக்குள்ள நூல் விட்டுரும். அதனால கொண்டைக்கடலை, பாசிப்பயறு எல்லாம் அவிக்காம முளைகட்டி, ஈரத்துணியில முடிஞ்சு எடுத்துட்டுப் போங்க. கம்பெனி கேன்டீன்ல ஏழு மணிக்கு நல்லா வேக வச்சுத் தரச் சொல்லுங்க, உப்பும் எலுமிச்சம்பழமும் அங்கயே பிழிஞ்சுக்கிடலாம். சப்பாத்தி ரெண்டு, நல்லா ஆறுன பிறகு டப்பாவுல வைங்க, சூட்டோட மூடுனா வேர்த்து நொசநொசன்னு ஆயிரும். தொட்டுக்கிட எண்ணெயில வதக்குன தக்காளித் தொக்கு, தண்ணி சேக்காம. வெள்ளரிக்கா, கேரட்டை நறுக்காம முழுசா எடுத்துட்டுப் போய் அங்க வெட்டிக்கிடுங்க. முட்டை சாப்பிடுவீகன்னா அவிச்சு எடுத்துட்டுப் போக வேண்டாம், வெளியில அவ்வளவு நேரம் தாங்காது. கேன்டீன்லயே ரெண்டு அவிச்சு வாங்கிக்கிடுங்க.

ரெண்டு வாரம் எழுதுன சுகர் கணக்கை டாக்டர்கிட்ட காட்டுன பிறகு இங்கயும் சொல்லுங்க. வீட்டம்மா இடுப்பையும் அளந்தீகளான்னு கேப்பேன்.